தெர்மாமீட்டர் தொட்ட பெட்டி

மீன் பெட்டி அடுக்குகிறவளுக்கு வேலை நேரத்தில் விரல் வலிக்காது. மரத்துப்போய்க் கிடக்கும். வேலை முடிந்து, கையுறையைக் கழற்றி, வெந்நீர்க் குழாயடியில் விரலை நீட்டும்போதுதான் வலி தொடங்கும். நகக்கண்ணில் புறப்பட்டு முழங்கை வரைக்கும் ஏறும். அந்த நேரத்தில் யார் வந்து நல்ல வார்த்தை சொன்னால்கூட எனக்கு எரிச்சலாக இருக்கும். என் தங்கை அந்த நேரம் பார்த்துத்தான் வந்து நின்றாள், குழந்தை தோளில் தூங்க. மகப்பேறு விடுப்பில் இருப்பவள், குழந்தைகளுக்கான தடுப்பூசி முகாமுக்கென்று தொழிற்சாலைக்கு வந்திருந்தாள்.

ஊசி போட்டாயிற்றா என்று கேட்டேன். போடவில்லை என்றாள். வரிசையில் முன்னால் ஒரே ஒருத்திதான் பாக்கி இருந்தாளாம். அதற்குள் வெளியே வந்துவிட்டாளாம்.

"ஏன்டி?"

"அண்ணன் வேணாம்னு சொல்லிடுச்சு."

கையைக் குழாயிலிருந்து எடுக்க முடியவில்லை. எடுத்தால் வலி இன்னும் கூடும். அப்படியே நின்றபடி, அண்ணனுக்கும் ஊசிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். அவள் தன் போனை என் காதருகே பிடித்தாள். அதில் அண்ணன் பேசிக்கொண்டிருந்தார்.

அண்ணனைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் மீன் பதனிடும் தொழிற்சாலையில் அவருக்குப் பெயர் தெர்மாமீட்டர். மேனேஜர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். படகிலிருந்து வருகிற பெட்டியில் ஐஸுக்கு நடுவே கையை விடுவார், கண்ணை மூடுவார், ஒரு எண் சொல்வார். மேனேஜர் ஆரம்பத்தில் நிஜ தெர்மாமீட்டரைச் செருகிச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை மேசை டிராயரில் போட்டுவிட்டார். சரக்கு வாங்க வருகிறவர்கள் மீனைப் பார்ப்பதில்லை, அண்ணனின் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அவர் தலையாட்டினால் லாரி ஏறும், உதட்டைப் பிதுக்கினால் திரும்பிப் போகும்.

அந்தக் கை சும்மா வந்ததில்லை. அப்பா போன பிறகு ஐஸ் கட்டிகளைத் தோளில் சுமந்து எங்கள் இரண்டு பேரையும் வளர்த்தவர் அவர். இடது தோளில் இன்றைக்கும் ஒரு பக்கம் தோல் செத்துப்போய்க் கறுத்திருக்கும். அதனால் எங்கள் வீட்டில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. எனக்குக் கொஞ்சம் உண்டு, வாய் நீளம் என்று பெயர் வாங்கிவிட்டேன். தங்கைக்கு அறவே கிடையாது. அவள் வீட்டுக்காரர் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் சாலையில்தான். அவரும் போனில் எதற்கெடுத்தாலும் "மச்சானைக் கேட்டுக்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிற ஆள்.

அன்றைக்கு நடந்தது இதுதான். சுகாதார நிலையத்திலிருந்து நர்ஸ் எங்கள் சாப்பாட்டு அறையில் முகாம் போட்டிருந்தாள். பெண்கள் பிள்ளைகளோடு வந்தால் அரைநாள் சம்பளம் பிடிக்கமாட்டோம் என்று மேனேஜர் சொல்லியிருந்ததால் நல்ல கூட்டம். நர்ஸ் கொண்டுவந்த மருந்துப் பெட்டியில் காலையில் வைத்த ஐஸ் பொட்டலங்கள் மதியத்துக்குள் தளர்ந்துவிடும் என்பதால், மாற்றி வைக்க நாலு பொட்டலங்களை எங்கள் ஃப்ரீசரில் போட்டிருந்தாள். கல் மாதிரி இறுகியிருந்த அந்தப் பொட்டலங்களை எடுத்து வந்து நேராகப் பெட்டிக்குள் வைக்கவில்லை. மேசைமேல் பரப்பி வைத்தாள். வியர்க்கவிட்டாள். நடுநடுவே ஒன்றை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்ப்பாள். உள்ளே தண்ணீர் தளும்புகிற சத்தம் கேட்ட பிறகுதான் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தாள்.

தண்ணீர் குடிக்க வந்த அண்ணன் இதைப் பார்த்துவிட்டார்.

ஐஸை மேசையில் வைத்து உருகவிடுவது எங்கள் இடத்தில் கொலைக்குச் சமம். அப்படிச் செய்த ஒருவனை அண்ணன் அரைமணி நேரம் ஃப்ரீசருக்குள் நிற்க வைத்திருக்கிறார். அவர் போய் ஒரு பொட்டலத்தைத் தொட்டுப் பார்த்து, என்னம்மா ஐஸ் உருகிக்கிட்டிருக்கே என்று கேட்டிருக்கிறார். சுற்றிலும் குழந்தைகள் கத்திக்கொண்டிருந்தன. நர்ஸ் கையில் ஊசி. அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், அது அப்படித்தான் இருக்கவேண்டும், நீங்கள் உங்கள் வேலையைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டாள்.

ஐஸ் அவர் வேலை இல்லையென்றால் வேறு யார் வேலை? எனக்குத் தெரிந்து அவரை இவ்வளவு குத்திய வார்த்தை வேறு கிடையாது. நேராகக் குளிர் கூடத்துக்குப் போய், போனை எடுத்து, தொழிற்சாலைக் குரூப்பில் வாய்ஸ் போட்டுவிட்டார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. நான் முப்பது வருஷமா ஐஸ்லயே கிடக்கிறவன். இன்னைக்கு ஊசி போட வந்தவங்க வச்சிருக்கிற ஐஸ் எல்லாம் உருகித் தண்ணியா ஆடுது. கண்ணால பாத்தேன், கையால தொட்டேன். ஐஸ் போச்சுன்னா சரக்கு போச்சு. கெட்டுப்போன சரக்கை நாம நாய்க்குக்கூடப் போடமாட்டோம். பிள்ளைக்குப் போடுவோமா? யோசிச்சுக்குங்க."

இவ்வளவுதான். இதில் பொய் என்று பிடித்துக் காட்ட ஒரு வார்த்தை கிடையாது. ஐஸ் உருகியது நிஜம். அவர் தொட்டது நிஜம். முப்பது வருஷமும் நிஜம். அதுதான் என் வயிற்றெரிச்சல். பொய் சொல்லியிருந்தால் பொய் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். தனக்குத் தெரிந்த ஒன்றை வைத்துக்கொண்டு தெரியாத ஒன்றுக்குத் தீர்ப்பு எழுதிவிட்டார்.

வரிசை கரைந்துவிட்டது. நர்ஸ் காலி அறையில் பெட்டியை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை வேலை முடிந்து போகும்போது பார்த்தேன். என்ன ஆயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை.

அன்று மாலையே அண்ணனிடம் போனேன். அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். மருந்தும் மீனும் ஒன்றா என்று கேட்டேன். குளிரில் வைக்கவேண்டிய எதுவும் ஒன்றுதான் என்றார். உனக்கு மருந்தைப் பற்றி என்ன தெரியும் என்றேன். எனக்கு ஐஸைப் பற்றித் தெரியும் என்றார். நர்ஸிடம் இன்னொரு தரம் பொறுமையாகக் கேட்டிருக்கலாமே என்றேன். கேட்டதற்குத்தான் வேலையைப் பார்க்கச் சொன்னாளே, நான் என் வேலையைப் பார்த்தேன் என்றார். அண்ணி சிரித்துவிட்டாள். அதோடு பேச்சு முடிந்தது. சுவரில் முட்டிக்கொண்டிருந்தாலாவது சுண்ணாம்பு உதிர்ந்திருக்கும்.

அந்த வாய்ஸ் எங்கள் குரூப்போடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. வலை பின்னுகிற கூடத்துக்குப் போயிற்று. துறைமுகத்துச் சுமைக்காரர்களுக்குப் போயிற்று. ஊர் தாண்டிப் போயிற்று. ஒரு வாரத்தில் வெளிநாட்டில் வீட்டு வேலை பார்க்கிற எங்கள் சித்தி மகளிடமிருந்து எனக்கே வந்தது. அப்போது அதில் சோக இசை சேர்ந்திருந்தது, அழுகிற குழந்தை படம் ஒன்றும் ஒட்டியிருந்தது. அண்ணன் குரல் பாதியில் வெட்டப்பட்டு, வேறு ஒரு பெண், இதை மறைக்கப் பார்க்கிறார்கள், பத்துப் பேருக்கு அனுப்புங்கள் என்று கெஞ்சினாள். அக்கா இது நம்ம அண்ணன் குரல் மாதிரியே இருக்குல்ல என்று சித்தி மகள் கேட்டிருந்தாள்.

அதற்குப் பிறகு வந்ததுதான் உச்சம். அண்ணனே ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் என்னைக் கூப்பிட்டுப் போனை நீட்டினார். முகமெல்லாம் வெற்றி. எழுத்தில் வந்த செய்தி. பெரிய மருத்துவர் ஒருவர், குளிர் அறிவியலில் முப்பது வருட அனுபவம் உள்ளவர், முகாமுக்கு நேரில் சென்று கையால் தொட்டுப் பார்த்து, மருந்து முழுவதும் கெட்டுப்போனதை உறுதி செய்தார் என்று அதில் இருந்தது.

"பாத்தியா? டாக்டரே சொல்லிட்டாரு."

நான் இரண்டு தரம் படித்தேன்.

"அண்ணே, இது நீதானேண்ணே."

"நான் எங்கடி டாக்டர்?"

"முப்பது வருஷம், கையால தொட்டது, எல்லாம் நீ சொன்னதுதான். உன்னையேதான் கோட்டு மாட்டித் திருப்பி அனுப்பியிருக்காங்க."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். சம்பந்தமே இல்லாத இரண்டு பேர், ஒருத்தர் படித்தவர், ஒருத்தர் படிக்காதவர், தனித்தனியாக ஒரே விஷயத்தைச் சொன்னால் அதில் உண்மை இல்லாமல் இருக்குமா என்று கேட்டார். பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மூன்று பேர் ஆமாம் ஆமாம் என்றார்கள். நான் தலையில் அடித்துக்கொண்டு என் டப்பாவை மூடினேன்.

தங்கையைத் தனியாகப் பிடித்து சுகாதார நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விடலாம் என்று பார்த்தேன். குழந்தைக்கு இரண்டு மாதம் முடிந்து மூன்று நடந்துகொண்டிருந்தது. நல்ல கொழுகொழு பையன். அவன் கன்னத்தைப் பார்த்து அண்ணன் வைத்த பெயர் 'பன்னு'. நான் சொன்னதையெல்லாம் தங்கை தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். அண்ணன் ஒரு வார்த்தை சரி என்று சொல்லட்டும், நான் நாளைக்கே போகிறேன் என்றாள். அவர் சொல்லமாட்டார்டி என்றேன். அப்போது நிமிர்ந்தாள்.

"உனக்குன்னு ஒண்ணு பிறந்திருந்தா நீயும் இப்படித்தான் பயப்படுவே, அக்கா."

எனக்குப் பிள்ளை இல்லை. அதை அவள் அதுவரை ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொன்ன மறுநிமிடம் அவளே அழுதுவிட்டாள். நான் எழுந்து வந்துவிட்டேன். ஒரு வாரம் குடியிருப்பில் அவள் அறைப் பக்கம் போகவில்லை. ஒரு வாய்ஸ் எங்கெங்கே போய் என்னென்ன செய்கிறது பாருங்கள்.

அந்த வாரத்தில்தான் பன்னுக்கு இருமல் வந்தது. பெட்டிக் கூடத்தில் ஒருத்தி மாதக்கணக்கில் இருமிக்கொண்டே வேலை பார்த்தாள். தூசி ஒவ்வாமை என்று எல்லோரும் நினைத்தோம். அவள் தங்கைக்குச் சிநேகிதி, பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுகிறவள். அவளிடமிருந்துதான் வந்ததா, வேறு எங்கிருந்தாவது வந்ததா என்று யாராலும் உறுதியாகச் சொல்லமுடியாது.

முதலில் சாதாரணச் சளி. மூக்கு ஒழுகியது. பிறகு இருமல் தொடர்ச்சியாக வர ஆரம்பித்தது. ஒரு இருமல் முடிவதற்குள் அடுத்தது, அது முடிவதற்குள் அடுத்தது. நடுவில் மூச்சு இழுக்க இடமே இல்லாமல். முகம் சிவந்து, பிறகு நீலம் பாய்ந்து, கடைசியில் குடித்த பாலையெல்லாம் கக்கிவிட்டுத் துவண்டு கிடப்பான். தங்கை என் கதவைத் தட்டியபோது அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குக் கோபமெல்லாம் போய்விட்டது. அண்ணன் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்த லாரியையே நிறுத்தி, டிரைவரை இறக்கிவிட்டு, எங்களை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். வழியெல்லாம் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

கக்குவான் இருமல் என்றார் டாக்டர். முகத்தில் களைப்பு வழிகிற ஒரு அம்மா. மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் வைத்துவிட்டு, எழுதுகிற அட்டையைப் பார்த்தபடியே, ஊசி போட்டீர்களா என்று கேட்டார். தங்கை அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் தரையைப் பார்த்தார். நான்தான் இல்லை என்றேன். ஏன் என்று கேட்டார். அவர் நிமிர்ந்து எங்கள் மூன்று பேரையும் ஒரு தரம் பார்த்தார். அவருக்கு இது புதிதில்லை என்று தெரிந்தது. ஒரு ஊசி போட்டிருந்தால் வந்தேயிருக்காது என்று சத்தியம் பண்ணமாட்டேன், ஆனால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அவர் திட்டியிருந்தால் அண்ணனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பன்னு பிழைத்தான். அதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், யாரையும் தவிக்கவிட எனக்கு விருப்பமில்லை. ஆனால் ஒவ்வொரு தரம் இருமல் ஆரம்பிக்கும்போதும், இந்தத் தரம் மூச்சு திரும்புமா என்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பக்கத்தில் உள்ள கருவி கத்தும், யாராவது ஓடிவந்து முதுகைத் தட்டுவார்கள். அவனைக் கிடத்தவே பயந்து அண்ணன் நெஞ்சில் சாய்த்தபடியே உட்கார்ந்திருந்தார். அவன் கக்கியதையெல்லாம் அவர்தான் துடைத்தார். வேறு யாரையும் துடைக்க விடவில்லை.

அங்கேதான் அந்த நர்ஸ் வந்தாள். கக்குவான் வந்த வீட்டில் எல்லோருக்கும் மாத்திரை கொடுக்கவேண்டும் என்று சுகாதார நிலையத்துக்குத் தகவல் போயிருக்கிறது. அண்ணனைப் பார்த்ததும் அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அதற்குள் அந்த வாய்ஸ் அவளுக்கும் வந்து சேர்ந்திருந்தது. சண்டை போடப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் மாத்திரைகளை எண்ணிக் கொடுத்துவிட்டு, அண்ணா, அன்றைக்கு உங்களிடம் ஒழுங்காகப் பேசியிருக்கவேண்டும், என் மேலும் தப்பு இருக்கிறது, ஒரு நிமிடம் வாருங்கள் என்று அவரை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நானும் பின்னால் போனேன்.

அவள் பையில், புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக வைத்திருந்த இரண்டு குப்பிகள் இருந்தன. ஒன்று நல்லது. இன்னொன்று ஒரு தரம் உறைந்து பிறகு உருகியது. இரண்டையும் அண்ணன் கையில் கொடுத்து ஆட்டச் சொன்னாள். ஆட்டினார். ஜன்னல் விளிம்பில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். நல்லது பால் கலக்கிய தண்ணீர் மாதிரி அப்படியே ஒரே சீராக நின்றது. உறைந்ததில் துகள் துகளாகப் பிரிந்து அடியில் இறங்க ஆரம்பித்தது, மேலே தண்ணீர் தெளிந்துவிட்டது.

இந்த மருந்துக்குக் குளிர் வேண்டும், ஆனால் உறையக்கூடாது, ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸை அப்படியே பக்கத்தில் வைத்தால் குப்பி உறைந்துவிடும், அதனால்தான் தண்ணீர் ஆடுகிற வரைக்கும் வெளியில் வைக்கிறோம் என்றாள் அவள்.

அண்ணன் அந்தக் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபடியே நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"ஐஸ் கடி."

நர்ஸுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. எங்கள் தொழிற்சாலையில் எல்லா மீனும் உறைய வைத்து அனுப்புவதில்லை. விமானத்தில் போகிற பச்சை மீன் உண்டு. அது சில்லென்று இருக்கவேண்டும், உறையக்கூடாது. இறுகிய ஐஸ் நேராக வயிற்றில் பட்டால் அந்த இடம் வெளுத்து, சதை பஞ்சாகிவிடும். அதற்குப் பெயர் ஐஸ் கடி. அதனால் நடுவில் தாள் விரித்து, கொஞ்சம் இளகிய தூள் ஐஸைத்தான் போடவேண்டும். இதை எங்களுக்கெல்லாம் கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். தாள் விரிக்க மறந்ததற்கு நானே அவரிடம் பெட்டி மூடியால் அடி வாங்கியிருக்கிறேன். முப்பது வருஷமாக அவர் கையில் இருந்த விஷயம். மேசைமேல் வியர்த்த ஐஸைப் பார்த்தபோது அவருக்குத் தோன்றியது உறைந்த மீன் மட்டும்தான். பச்சை மீன் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தால் அந்த நர்ஸ் செய்வது சரி என்று முதலில் சொல்லியிருக்கக்கூடியவர் அவராகத்தான் இருந்திருப்பார். எனக்கு அவரை அந்த வராந்தாவிலேயே உலுக்கவேண்டும் போலிருந்தது.

"குரூப்ல சொல்லிடுண்ணே," என்றேன். "இன்னும் நிறைய பேர் உன் வாயைப் பாத்துக்கிட்டு பிள்ளைக்கு ஊசி போடாம உக்காந்திருக்காங்க."

சொல்கிறேன் என்றார். பன்னு தேறட்டும் என்றார். பன்னு தேறி, வீட்டுக்கும் வந்தான். தெம்பு வந்ததும் சுகாதார நிலையத்துக்கே தூக்கிப்போய் ஊசியும் போட்டாயிற்று, அண்ணன்தான் தொடையைப் பிடித்துக்கொண்டார். இருமல் மட்டும் முழுதாகப் போகவில்லை, மாதக்கணக்கில் இழுக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். குரூப்பில் ஒன்றும் வரவில்லை. கேட்டேன். இன்றைக்குச் சரக்கு அதிகம் என்றார். மறுபடி கேட்டேன். தொண்டை சரியில்லை என்றார். ஒருநாள் ஐஸ் உடைக்கிற இயந்திரத்துக்குப் பின்னால் நின்று போனில் பேசுவதைப் பார்த்தேன். பேசினார், கேட்டார், அழித்தார். மறுபடி பேசினார், அழித்தார். நான் பக்கத்தில் போனதும் போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

அப்போதுதான் நிஜத்தைச் சொன்னார்.

"என் கை தப்புன்னு நானே என் வாயால சொல்லிட்டா, நாளைக்கு லாரி வந்து நிக்கும்போது எவன் என்னை நம்புவான்? எனக்கு இருக்கிறது இந்தக் கை ஒண்ணுதான்டி."

அது உண்மைதான் என்று எனக்கும் தெரியும். மேனேஜர் டிராயரில் அந்த நிஜ தெர்மாமீட்டர் இன்னும் கிடக்கிறது. அதை வெளியே எடுக்க அவருக்கு ஒரு காரணம் கிடைத்தால் போதும். ஆனால் உண்மையாக இருந்துவிட்டால் எனக்கு எரிச்சல் வரக்கூடாதா? ஒரு பக்கம் இவருடைய கை. இன்னொரு பக்கம் எத்தனையோ பன்னுகள். நீயே எடை போட்டுக்கொள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நர்ஸ் மறுபடி முகாம் போட வந்தாள். அதே சாப்பாட்டு அறை, அதே மேசை, வியர்க்கிற பொட்டலங்கள். வரிசை இல்லை. பிள்ளைகளோடு வந்த பெண்கள் வாசலில் கூட்டமாக நின்றுகொண்டு எட்டிப் பார்த்தார்கள், உள்ளே வரவில்லை. பன்னுக்கு வந்தது எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் அது வேறு, இது வேறு என்று பேசிக்கொண்டார்கள். பிள்ளைக்கு நோய் வந்தது கண்பட்டதால் என்று ஒருத்தி சொன்னாள்.

அண்ணன் வந்தார். பூட்ஸில் ஐஸ் தூள் ஒட்டியிருந்தது. வாசலில் இருந்தவர்கள் வழிவிட்டார்கள். நேராக மேசைக்குப் போய், ஒரு பொட்டலத்தை எடுத்துக் காதருகே ஆட்டினார். மருந்துப் பெட்டியைத் திறக்கச் சொல்லி உள்ளே கையை விட்டார். கண்ணை மூடினார். நான் பெட்டி மூடிகளை அடுக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றேன். சொல்லிவிடுவார் என்று நினைத்தேன்.

"இன்னைக்குச் சரக்கு நல்லா இருக்கு," என்றார்.

அவ்வளவுதான். திரும்பிப் போய்விட்டார்.

பெண்கள் வரிசையில் நின்றுவிட்டார்கள். இடித்துக்கொண்டு நின்றார்கள். குழந்தைகள் வீறிட ஆரம்பித்தன. நர்ஸுக்குக் கை ஓயவில்லை. ஒருத்தி இன்னொருத்தியிடம், அன்றைக்கு நம்மைக் காப்பாற்றினார், இன்றைக்குப் பார்த்துச் சொல்லிவிட்டார், இப்படி ஒரு ஆள் இருப்பதற்கு நாம் கொடுத்துவைத்திருக்கவேண்டும் என்று சொன்னதை என் காதால் கேட்டேன். மூடியைத் தூக்கி எறியலாம் போல வந்தது.

வரிசை முடிந்ததும் நர்ஸிடம் போய், இவர் அன்றைக்குத் தப்பாகச் சொன்னதை இன்றைக்கு ஒப்புக்கொள்ளவே இல்லையே என்று புலம்பினேன். அவள் பருத்திப் பஞ்சைக் குப்பையில் போட்டுக்கொண்டே சிரித்தாள்.

"பிள்ளைங்க வந்துச்சுல்லக்கா. இன்னைக்கு எனக்கு அது போதும்."

அவளுக்கு அன்றைக்குப் போதும். மறுவாரமே போதாமல் போயிற்று. வலை பின்னுகிற கூடத்தில் முகாம் போடப் போனவளை அங்கே உள்ள பெண்கள், தெர்மாமீட்டர் தொட்டுப் பார்த்தாரா என்று கேட்டிருக்கிறார்கள். இல்லையென்றால் எங்களுக்கு வேண்டாம், அவர் வரட்டும் என்று சொல்லிவிட்டார்கள். அண்ணனுக்கு அன்று ஏற்றுமதிச் சரக்கு, போகமுடியவில்லை. நர்ஸ் பெட்டியைத் திறக்காமலேயே திருப்பிக்கொண்டு போனாள். ஊர் தாண்டிப் போன அந்த வாய்ஸ் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. போன வாரம்கூட எனக்கு வந்தது. இப்போது அதில் அண்ணன் பேராசிரியர் ஆகிவிட்டார்.

அவரைக் கெட்டவர் என்று என்னால் சொல்லமுடியவில்லை. பன்னுவின் ஆஸ்பத்திரிச் செலவு முழுவதும் அவர்தான் கட்டினார், தங்கையிடம் ஒரு பைசா வாங்கவில்லை. வேலை முடிந்ததும் வந்து அவனை நெஞ்சில் போட்டுக்கொண்டு, இருமல் வரும்போதெல்லாம் முதுகைத் தட்டிக்கொண்டிருக்கிறார். நான் கதவோரத்தில் நின்றால் என் கண்ணைப் பார்ப்பதில்லை. எதற்கு நிற்கிறேன் என்று அவருக்குத் தெரியும். வெந்நீர்க் குழாயடியில் பார்க்கும்போதும் கேட்கிறேன். நாளைக்கு என்கிறார்.

காசாக அவர் யாருக்கும் எதுவும் பாக்கி வைத்ததில்லை. அவர் தரவேண்டியது ஒன்றே ஒன்றுதான். அதே குரூப்பில், அதே குரலில், "அன்னைக்கும் சரக்கு நல்லாத்தான் இருந்துச்சு, நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்" என்று ஒரு வாய்ஸ். அது இன்னும் பாக்கி.